டிராக்டர் ஓட்டினால் இடுப்பு பிடிக்கிறது, எந்த சீட் போடலாம்?

மருதம்42:
வணக்கம். டிராக்டரை விட்டு இறங்கினால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. காலையில் எழும்போது இன்னும் மோசம். ரெண்டு வாரமாக இப்படித்தான். மூணு இன்ச் ஸ்பாஞ்ச் வாங்கிப் போட்டேன், வலி கூடினாற்போல் இருக்கிறது. எந்த சீட் மாற்றினால் சரியாகும்? நாளைக்கும் உழவு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
தம்பி, என்ன வண்டி, எத்தனை எச்பி? ரொட்டேவேட்டரா, கலப்பையா, டிப்பரா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? ஒன்றையும் சொல்லாமல் சீட்டை மட்டும் கேட்டால் எப்படி?

செல்வி_பிசியோ:
வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா? பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இதில் ஒன்று இருந்தாலும் சீட்டைப் பற்றி யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆயில்கை:
டயர் காற்றுதான், சந்தேகமே இல்லை. பின் டயரில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? டிப்பர் இழுக்க ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்குகிறார்கள். பின் ஆக்சிலுக்கு ஸ்பிரிங்கே கிடையாது, டயர்தான் ஸ்பிரிங். அதைக் கல்லாக்கினால் குலுங்காமல் என்ன செய்யும்?

அதிர்வு_வேலு:
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். ஸ்பாஞ்ச் போட்டால் அதிர்வு குறையும் என்பது அடிப்படை தெரியாதவர்கள் சொல்வது. உட்கார்ந்த உடம்பு மேலும் கீழுமாக ஆடும்போது நொடிக்கு 4 முதல் 6 ஆட்டம் வந்தால், முதுகெலும்பு அதோடு சேர்ந்து ஆடி அதைப் பெருக்கிவிடும். டிராக்டர் குலுக்கலில் பெரும்பங்கு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஸ்பிரிங்கும் தன் இயல்பான ஆட்டத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேல் வருவதைத்தான் குறைக்கும், அதற்குக் கீழே வருவதைக் கூட்டிவிடும். ஸ்பாஞ்ச் அந்தக் கூட்டுகிற இடத்தில்தான் வேலை செய்கிறது. ஐரோப்பாவில் 2002 முதல் இதற்குச் சட்டமே உண்டு: 8 மணி நேரக் கணக்கில் அதிர்வு 0.5 மீட்டர்/நொடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 தாண்டவே கூடாது.

வண்டிப்பாதை:
எங்கள் அப்பா நாற்பது வருஷம் கட்டை வண்டி ஓட்டினார். முதுகு வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. உடம்பு உழைத்திருந்தால் இதெல்லாம் வராது.

கரிசல்காடு:
அண்ணே, மாடு நடக்கிற வேகம் வேறு, இது வேறு. என் அப்பாவும் சொன்னதில்லை. ராத்திரி அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டிப்பாதை:
தவிட்டு ஒத்தடம் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அதை வைத்து வலி இருந்தது என்று சொல்ல முடியாது.

ஆயில்கை:
மாட்டு வண்டி பேச வேண்டாம். காற்று எவ்வளவு என்று அந்தத் தம்பி இன்னும் சொல்லவில்லை.

மருதம்42:
மன்னிக்கவும், வயலில் இருந்தேன். 45 எச்பி, ரொட்டேவேட்டர், ஒன்பது மணி நேரம். காற்று 26. காலுக்கு வலி இறங்கவில்லை, மரப்பும் இல்லை. என் எடை 58. வண்டி போன மாதம் பழசாக வாங்கியது.

கரிசல்காடு:
பழசா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. சீட்டுக்கு அடியில் எடை வைக்கிற திருகு இருக்கும், பாருங்கள். முன்னால் ஓட்டியவர் கனமான ஆளாக இருந்தால் அவருக்குத் தகுந்தபடி இறுக்கியிருப்பார். 58 கிலோவுக்கு அந்த ஸ்பிரிங் அசையவே அசையாது, கட்டைமேல் உட்கார்ந்த மாதிரிதான். ரொம்பத் தளர்த்தினாலும் தப்பு, பள்ளத்தில் அடித்தட்டில் போய் முட்டும். உட்கார்ந்ததும் சீட் பாதி வழிக்கு இறங்கி நிற்க வேண்டும்.

செல்வி_பிசியோ:
அந்த ஸ்பாஞ்சையும் எடுத்துவிடுங்கள். மூணு இன்ச் மேலே போனதால் சாய்மானத்தின் வளைவு இடுப்புக்குக் கீழே போய்விடும், கிளட்சை எட்டி மிதிக்க வேண்டிவரும். இன்னொன்று: ரொட்டேவேட்டரைப் பார்க்க ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே ஓட்டுகிறீர்களா? முறுக்கிய இடுப்பில் குலுக்கல் விழுவதுதான் ரொம்பக் கெடுதல். கண்ணாடி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள். இறங்கிய கையோடு 45 கிலோ யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள், பத்து நிமிஷமாவது போகட்டும்.

அதிர்வு_வேலு:
திருகைப் பற்றி நான் 2019-லேயே எழுதியிருக்கிறேன்.

மருதம்42:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். திருகு 110-ல் துருப்பிடித்து நின்றது. சீட்டுக்கு அடியில் கத்தரி மாதிரி மடங்கி விரிகிற கம்பிகள் முழுக்க வைக்கோலும் காய்ந்த சேறும். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, ஸ்பேனர் போட்டு 60-க்கு இறக்கினேன். கையேட்டைப் பார்த்துக் காற்று 14 வைத்தேன். ஸ்பாஞ்ச் இப்போது நாய்க்கு. இறங்கும்போது பிடிப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, காலையில் மட்டும் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி, வண்டி நிற்கிறது, போகிறேன்.

செல்வி_பிசியோ:
காலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? அரை மணி நேரத்துக்கு மேலா?