நன்னீர் ஏரியில் மரக்கப்பல் சிதைவு: முக்குளிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பினாங்குக் கடலோடி:
வணக்கம். கனடாவில் இருக்கும் அக்காவைப் பார்க்க ஆகஸ்டில் செல்கிறேன். ஹியூரான் ஏரிக்கரையில் உள்ள டோபர்மோரியில், 1867இல் கட்டப்பட்டு 1885இல் மூழ்கிய 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலைக் காண்பது என் நெடுநாள் ஆசை. இதுவரை பாயார் தீவிலும் பெர்ஹெந்தியானிலும் 3 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் உடையில்தான் முக்குளித்திருக்கிறேன். நம் கடலில் விரைவில் அரித்துப்போகும் மரம் அங்கே எப்படி இத்தனை காலம் நிற்கிறது? மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடையையும் உடையையும் எப்படி மாற்ற வேண்டும்?

பட்டர்வொர்த் வாசகர்:
தம்பி, மரத்தைக் குடைந்து தின்னும் கப்பற்புழு, பெயரில் புழுவானாலும் சிப்பியின் உறவு. அது நன்னீர் ஏரியில் வாழாது. என் தந்தை தம் மீன்பிடிப் படகின் பலகை ஒன்றை அறுத்துக் காட்டியது நினைவிருக்கிறது: வெளியே பழுதே இல்லை, உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெள்ளையாகத் துளைகள். ஏரியின் குளிரும் மரம் மட்குவதைத் தாமதப்படுத்துகிறது.

கோலாலம்பூர் பயிற்றுநர்:
கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. நன்னீரில் மிதப்பு குறைவு. ஆகவே கருவிகளோடு 90 கிலோ இருப்பவர் அதே உடையில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எடையைக் குறைக்கலாம். ஆனால் 7 மி.மீ. உடையோ நீர் உள்ளே புகாத ட்ரை சூட்டோ அணிந்தால் மிதப்பு கூடிவிடும் என்பதால், கரையோரத்தில் மிதந்து பார்த்தே எடையை முடிவு செய்யுங்கள்.

ஸ்வீப்ஸ்டேக்ஸ் சுமார் 6 மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. அதே ஊரில் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கும் 'அரேபியா' என்ற கப்பலுக்கு யாரேனும் அழைத்தால், இம்முறை தயவுசெய்து மறுத்துவிடுங்கள். நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாகிறது. அதனால் கோடையிலும் அந்தக் குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடும். குளிர்நீருக்கென அமையாத ரெகுலேட்டரில் (கலனிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் கருவி) பனிக்கட்டி பிடித்தால், காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும். வேறோர் ஏரியில் எனக்கே அப்படி நேர்ந்தது. உதடு மரத்துப்போய், மௌத்பீஸ் வாயில் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. துணையாளரின் மாற்று ரெகுலேட்டரில் மூச்சுவிட்டுத்தான் மேலே வந்தேன்.

பினாங்குக் கடலோடி:
மிக்க நன்றி. கப்பலுக்குள் நுழையலாமா?

கோலாலம்பூர் பயிற்றுநர்:
கூடவே கூடாது. நாம் விடும் குமிழிகள் மேல்தளத்தின் அடியில் தேங்கி, நூறாண்டுக்கு மேல் நீரில் ஊறிய பலகைகளை மேல்நோக்கித் தள்ளும். வெளியிலிருந்தே முன்புறத்தில் நங்கூரச் சங்கிலியை இழுத்த சுழலியைக் காணலாம். காலில் அணியும் துடுப்பான ஃபின் பட்டுச் சேறு கிளம்பாதபடி சற்று உயரத்திலேயே நீந்துங்கள். அது தேசியக் கடற்பூங்காவின் பகுதி என்பதால் முக்குளிப்போர் பதிவு செய்ய வேண்டும். சுற்றுலாப் படகுகள் வந்துபோகும் நேரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி அடித்தளப் படகும் உண்டு. உங்கள் அக்கா அதிலிருந்தே கப்பலைப் பார்த்துவிடலாம்.