புதுப்பிப்பு: புரொஜெக்டரில் முகங்கள் பச்சையாகத் தெரிந்த பிரச்சினை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் புரொஜெக்டரை ஓடவிட்டால் ஆட்களின் முகம் பச்சை பாய்ந்து தெரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது படம் நல்ல வடிவாக இருக்கிறது.

முக்கிய காரணம், புரொஜெக்டரின் பட அமைப்புகளில் ஒன்றான டைனமிக் மோட். புரொஜெக்டருக்குள் எரியும் பாதரச விளக்கின் ஒளியில் பச்சை தூக்கல், சிவப்பு குறைவு. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்பதற்காக டைனமிக் மோட் அந்தப் பச்சையை அப்படியே விட்டுவிடும். சினிமா மோட் அதை அடக்கி, வெள்ளையை 6500 கெல்வினுக்கு, அதாவது பகல் வெளிச்சத்தின் வெள்ளைக்கு, கிட்டக் கொண்டுவரும். வெளிச்சம் குறையத்தான் செய்யும். ஆனால் தங்கச்சியின் கலியாண வீடியோவில் மண்ணிறமாகத் தெரிந்த கூறைச்சேலை இப்போது அரக்குச் சிவப்பாகவே தெரிகிறது, சரிகை இழையும் தனியாகப் பிரிந்து தெரிகிறது. பார்த்த அம்மாவுக்குச் சரியான சந்தோசம்.

அடுத்தது சுவர். எங்களுடையது கிறீம் நிறம். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் படத்தை விழுத்திப் பாருங்கள். சுவர் எவ்வளவு மஞ்சளைக் கலக்கிறது என்று உடனே விளங்கும். மினுக்கமில்லாத வெள்ளைப் பெயின்ற் அடித்தோம்.

பகலில் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். புரொஜெக்டர் ஒளியைச் சேர்க்குமே தவிர எடுக்காது. ஓட்டு இடுக்கால் வெயில் விழும் வீடென்றால் இரவில் பாருங்கள்.

முந்தின பதிவில் பல்ப் மாற்றச் சொன்ன அண்ணைக்கு: அது தேவைப்படவில்லை. புரொஜெக்டரின் காற்று ஃபில்டரில்தான் செம்மண் தூசி அப்பிக் கிடந்தது. எங்கள் பக்கத்துக் கோடையில் அதை அடிக்கடி துப்புரவாக்க வேணும்.