ஐபிஎஸ் (IBS) குடல் தொந்தரவுக்கு ஹிப்னோதெரபி: நெல்லைப் பக்கம் யாரிடம் போகலாம்?

வணக்கம். நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். அக்காவுக்கு 38 வயது. ஒரு வருடத்துக்கு மேலாக ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome, பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிற்று வலியும் மலப்போக்குக் கோளாறும் தொடரும் குடல் தொந்தரவு). காலையில் இட்லி சாப்பிட்டு எழுந்ததும் அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்கும், உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் சேரன்மகாதேவி வருவதற்குள் வியர்த்து முகம் வெளிறிவிடுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை, தைராய்டு, கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். குடல் பிடிப்புக்கு மெபெவரின் மாத்திரை, நார்ச்சத்துக்கு இசப்கோல் எடுக்கிறாள். பால், கோதுமையை நிறுத்திப் பார்த்தோம். கொஞ்சம் குறையும், அப்புறம் பழையபடிதான்.

குடல் டாக்டரே மனநலச் சிகிச்சையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். 12 மாதம் மருந்து எடுத்தும் கேட்காதவர்களுக்கு சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை), ஹிப்னோதெரபி (ஹிப்னாடிச முறையில் தரும் சிகிச்சை) ஆகியவற்றைப் பரிசீலிக்கலாம் என்று, மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2008 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. ஆனால் ஹிப்னாடிசம் என்றதும் அம்மா மந்திரவாதி வேலை என்று பயப்படுகிறாள். அதனால் முறையாகப் படித்தவர்தான் வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி, நாகர்கோவில் பக்கம் ஐபிஎஸ்ஸுக்கு ஹிப்னோதெரபி கொடுக்கிற, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாராவது உங்களுக்குத் தெரியுமா?