கர்ப்பிணியும் கைபேசிக் கதிர்வீச்சும்: டென்மார்க் ஆய்வு எதைக் காட்டுகிறது?

நெய்தல்:
கர்ப்பிணிகள் கைபேசிக் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டாம் என்கிறீர்கள், அலைமானி. ஆனால் டென்மார்க்கில் 13,159 குழந்தைகளைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வை இங்கு எவரும் பொருட்படுத்துவதில்லை. கருவிலும் பிறந்த பின்பும் கைபேசித் தொடர்பு இருந்த பிள்ளைகளிடம், அது இல்லாத பிள்ளைகளைவிட, ஏழு வயதில் நடத்தைச் சிக்கல்கள் மிகுதியாகக் காணப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்தார் சினைச் சுண்டெலிகளின் கூண்டுமேல் அழைப்பில் இருந்த கைபேசியை வைத்துப் பார்த்து, பிறந்த குட்டிகளிடம் மிகைத் துடிப்பையும் நினைவுக் குறைவையும் கண்டதாக 2012-இல் எழுதினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அச்சம் வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அலைமானி:
டென்மார்க்கில் தாய்மார்களிடம் கர்ப்பகாலப் பழக்கத்தைக் கேட்டது பிள்ளைக்கு ஏழு வயதான பின்புதான். பிள்ளையின் குறும்பால் களைத்த தாயின் நினைவு எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நார்வேயில் கர்ப்ப காலத்திலேயே விவரம் திரட்டி, 45,389 தாய்-சேய் இணைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவோ, கைபேசி பயன்படுத்திய தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் மொழிக் குறைபாடு குறைவு என்றது. கதிர்வீச்சு பிள்ளைக்குப் பேச்சு வளர்த்தது என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? தாயின் இயல்பும் வீட்டுச் சூழலும் அங்கே குறுக்கிட்டிருக்கலாம் என்றால், டென்மார்க்கிலும் குறுக்கிட்டிருக்கலாம் அல்லவா? சுண்டெலியின் கரு கைபேசிக்கு மிக அருகில் கிடக்கிறது. காதோரம் வைத்துப் பேசும் தாயின் கருப்பையோ வெகு தொலைவில் இருக்கிறது.

நெய்தல்:
காதோரம் வைப்பது பழைய கதை, ஐயா. இப்போது வயிற்றின்மேல் சாய்த்து வைத்துத்தான் படம் பார்க்கிறார்கள். 2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கதிர்வீச்சை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்ததையும் மறக்க வேண்டாம்.

அலைமானி:
அந்த வகைப்பாடு முதன்மையாகக் கைபேசி பயன்படுத்துவோரின் மூளைக் கட்டிகளைப் பற்றியது. கருவைப் பற்றியது அன்று. படம் பார்க்கும்போது கைபேசி பெரும்பாலும் தரவை வாங்குகிறதேயன்றி, மிகுதியாக அனுப்புவதில்லை. சிக்னல் குறைந்த இடத்தில் நெடுநேரம் பேசும்போதுதான் அது தன் ஆற்றலைக் கூட்டுகிறது.

மகிழம்பூ:
அப்படியானால், கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் கதிர்வீச்சுத் தடுப்பு வில்லைகளைக் கைபேசியில் ஒட்டுவதால் பயன் உண்டா?

அலைமானி:
வேண்டாம், அம்மா. அவை சிக்னலை மறித்தால் கைபேசி இன்னும் அதிக ஆற்றலுடன் அலை வீசக்கூடும் என்று அமெரிக்க வணிக ஆணையமே எச்சரித்திருக்கிறது. ஒலிபெருக்கியை இயக்கிக் கைபேசியை மேசைமேல் வைத்துப் பேசுங்கள், அது போதும்.

நெய்தல்:
வில்லை விற்பவர்களை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஐந்து நாடுகளின் 83,884 இணைகளைத் தொகுத்த 2017 ஆய்விலும், தாய் அதிகமாகப் பேசிய அளவுக்குப் பிள்ளையின் மிகைத் துடிப்பும் கூடித்தான் தெரிந்தது. பிற காரணங்களும் கலந்திருக்கலாம் என்று அவ்வாய்வாளர்களே எழுதியிருப்பதை ஏற்கிறேன். கலந்திருக்கலாம் என்பதை, கதிர்வீச்சுக்குப் பங்கே இல்லை என்று நீங்கள் படிப்பதைத்தான் ஏற்க மாட்டேன்.