படுவான்கரைப் பட்டிகளில் கால்நடைப் பயிற்சி: நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்

செங்கலடி உறுப்பினர்

கால்நடை வைத்திய உதவியாளர் பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள் பலர் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுவதையே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மட்டக்களப்பில் களப்பயிற்சி என்றால் பெரும்பாலும் மாடுதான். அதுவும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கரடியனாறுப் பக்கத்துப் பட்டி மாடு. மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் விதைப்பு தொடங்கியதும் மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் போய், அறுவடை முடிந்த பிறகே வயல் பக்கம் திரும்பும் மாடுகள் அவை. பால் கறக்கும் பசு ஆளுக்குப் பழகியிருக்கும். நாகும் (கன்று ஈனாத இளம் பசு) நாம்பனும் (இளங்காளை) அப்படியில்லை.

அதனால் எங்கள் போதனாசிரியர் முதலில் எதையும் தொட விடவில்லை. தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். அசைபோடுகிறதா, காது தொங்குகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா? வெயிலில் துரத்திப் பிடித்த மாட்டின் வெப்பநிலையைக் குறித்து வைப்பதில் பயனில்லை, ஓட்டத்திலேயே சூடு ஏறிவிடும். நிழலில் ஓய்ந்து நிற்கும் மாட்டுக்கு 38.5 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். பிறகு இடப்பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை வயிறு புரண்டு கையைத் தள்ளும். நலமான மாட்டில் அதை உணர்வது போன்ற மகிழ்ச்சி இந்தப் பயிற்சியில் எனக்கு வேறு இல்லை.

நான் எழுத வந்தது இளங்கொடியைப் பற்றி, அதாவது கன்றுக்குப் பின் விழும் நஞ்சுக்கொடியைப் பற்றி. ஒரு பட்டியில் மாதம் நிரம்பாமலே கன்று விழுந்திருந்தது. பட்டிக்கார ஐயா இளங்கொடியை வெறும் கையால் அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார், ஆலமரத்தில் தொங்கவிட. போதனாசிரியர் ஓடிப்போய்த் தடுத்தார்.

"என் தகப்பன் காலத்திலிருந்து கட்டுகிறோம், மகள். பால் மரத்தில் கட்டினால்தான் மாட்டுக்குப் பால் ஊறும்" என்று ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்.

போதனாசிரியர் அந்த வழக்கத்தை இழித்துப் பேசவில்லை. நாய் இழுத்துத் தின்னாமல் உயரத்தில் கட்டுவது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இப்படி முன்கூட்டி விழுந்த கன்றிலும் கொடியிலும் புருசெல்லா கிருமி இருக்கக்கூடும். கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே அது மனிதருக்குள் போகும். விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், மூட்டு நோகும், மாதக்கணக்கில் ஆளை வாட்டும். ஆகவே கையுறை போட்டு, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும் என்றார். நிறைமாதக் கன்றாக இருந்தால் வழக்கப்படி கட்டலாம், அப்போதும் கையுறை வேண்டும் என்றார். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மண்வெட்டியை அவரே எடுத்தார். பசுவின் இரத்த மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போனது. வீட்டில் பச்சைப் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு இனிக் காய்ச்சியே கொடுக்கும்படி அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

பயிற்சிக்கு வருபவர்களே, தோள்வரை நீளும் கையுறை பையில் இல்லாமல் பட்டிக்குள் போகாதீர்கள். கொடி விழவில்லை என்று யாராவது கையால் இழுக்கச் சொன்னாலும் இழுக்காதீர்கள். கருப்பை கிழியும். வைத்தியரை அழையுங்கள்.

வாகரை உறுப்பினர்

எங்கள் வீட்டிலும் பட்டி உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களின் குளிரில் வடக்கு கிழக்கெங்கும் மாடுகள் செத்தது நினைவிருக்கும். அப்போது பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பிள்ளை, நனைந்த கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தது. வாய் சில்லிட்டிருந்தது, விரலைச் சப்பவும் இல்லை. நாங்கள் போத்தலில் பால் ஊற்றப் போனோம். "வேண்டாம் அண்ணா, சப்பாத கன்றுக்கு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும்" என்று தடுத்து, சாக்கால் தேய்த்துத் துடைத்து, தணலுக்குப் பக்கத்தில் கிடத்தியது. சப்பத் தொடங்கிய பிறகே பால் கொடுத்தோம். அந்தக் கன்று இப்போது எங்கள் பட்டியில் கறவை மாடு.

சம்மாந்துறை உறுப்பினர்

நான் செயற்கை முறைச் சினைப்படுத்தலில் பயிற்சி பெற்றேன். காளையின் விந்து அடைத்த சிறு குழாய்கள் –196 பாகையில் திரவ நைதரசனில் கிடக்கும். வெளியே எடுத்ததும் 35 முதல் 37 பாகை வெந்நீரில் அரை நிமிடத்துக்கு மேல் வைத்து உருக்க வேண்டும். அதெல்லாம் கைக்கு விரைவில் வந்துவிடும். கடினம் நேரத்தில்தான் இருக்கிறது. மாடு சினைக்குக் கத்துகிறது என்று ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) அழைப்பார். போனால் முந்தின நாளே கத்தத் தொடங்கியிருக்கும். காலையில் வேட்கை கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினைப்படுத்த வேண்டும் என்பதே கணக்கு. எத்தனை மணிக்கு முதலில் கண்டார் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுக் கொள்கலனை மோட்டார் சைக்கிளில் ஏற்றுங்கள்.