தம்பி ரிமாண்டில் இருக்கிறான், இலவச வக்கீல் எங்கே கேட்பது? அவசரம்

மல்லிப்பூ:
என் தம்பியைப் பிடித்து ரிமாண்ட் பண்ணிவிட்டார்கள். தெருவில் நடந்த சண்டை, அவன் விலக்கிவிடத்தான் போனான். பெயிலுக்கு வக்கீல் 50 ஆயிரம் கேட்கிறார், எங்களால் முடியாது. அரசாங்கமே வக்கீல் வைத்துத் தரும் என்கிறார்களே, யாரிடம் போய்க் கேட்பது? நாளைக்கே போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எந்த மாவட்டம்? என்ன செக்‌ஷன்? தம்பிக்கு என்ன வயது? 18 முடியாதவன் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும், அது வேறு வழி.

கோபிக்காரன்:
முதலில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு எழுதிப் போடுங்கள். அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் சித்தப்பாவின் நில வழக்கில் அதற்காகவே அலைந்தோம்.

நீதிநேசன்:
வருமானச் சான்று தேவையில்லை. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. உங்கள் சித்தப்பா வெளியில் இருந்து வழக்கு நடத்தினார். இந்தப் பையன் உள்ளே இருக்கிறான். வித்தியாசம் புரிகிறதா?

கோபிக்காரன்:
புரிகிறது சார். ஆனால் பதறிப்போய் வந்து கேட்கிற பெண்ணிடம் பழைய பதிவைத் தேடு என்று சொல்ல வேண்டாமே.

பட்டிவீரன்:
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நேரில் கொடுங்கள். எங்கள் ஊரில் நிறைய பேருக்கு அப்படித்தான் வேலை நடந்தது.

வைகைக்கரை:
பட்டா, ரேஷன் கார்டு என்றால் சரி. கோர்ட் ரிமாண்டில் வைத்தவனுக்குக் கலெக்டர் பெயில் வாங்கித் தர முடியாது. மல்லி, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் அம்மா.

மல்லிப்பூ:
திண்டுக்கல். வயது 22. எப்.ஐ.ஆரில் 109 என்று போட்டிருக்கிறது. ஒரு வக்கீல் ஏற்கெனவே கையெழுத்து வாங்கி பெயில் மனு போட்டார், ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் தள்ளுபடி ஆகிவிட்டது. முன்பணம் கொடுத்திருக்கிறோம். பேப்பர் எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது, மீதிப் பணம் வந்தால்தான் தருவாராம்.

நீதிநேசன்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி நேரம் மிச்சம். புதுச் சட்டமான பி.என்.எஸ்.-இல் 109 என்றால் பழைய ஐ.பி.சி. 307, கொலை முயற்சி. ஏற்கெனவே வக்காலத்து போட்ட வக்கீல் இருக்கிறார் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

கருப்புக்கோட்டு:
சகோதரி, நான் செஷன்ஸ் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறவன். 109 விசாரணை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும் வழக்கு, ஜே.எம். கோர்ட்டில் பெயில் தள்ளுபடி ஆவது சகஜம். அடுத்து செஷன்ஸில் போடலாம்.

நாளைக் காலையில் மாவட்ட கோர்ட் வளாகத்துக்குப் போங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அதன் செயலாளர் ஒரு நீதிபதி. வெள்ளைத்தாளில் மனு எழுதினால் போதும்: தம்பி பெயர், எந்த ஜெயில், எந்த ஸ்டேஷன், எப்.ஐ.ஆர். நம்பர். எப்.ஐ.ஆர். நகல், உங்கள் ஆதார் கையில் இருக்கட்டும். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. உங்களுக்கு என்று போடுகிற வக்கீலும் பணம் கேட்கக் கூடாது, கேட்டால் அதே செயலாளரிடம் சொல்லுங்கள்.

தம்பி ஜெயிலில் இருந்தே சூப்பிரண்டு மூலமாகவும் மனு கொடுக்கலாம். ஜெயிலில் அவனைப் பார்க்கப் போகும்போது சொல்லிவிடுங்கள். போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள், சட்ட உதவிக்கான எண்.

பழைய வக்கீலிடம் போய், வேறு வக்கீல் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் கோர்ட்டிலேயே அனுமதி கேட்கலாம்.

கோபிக்காரன்:
பணம் பாக்கி என்று கேஸ் பேப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா?

நீதிநேசன்:
கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கு, உச்ச நீதிமன்றம், 2000. ஃபீஸ் பாக்கி என்றால் தனியாக வசூலிக்க வேண்டும்.

கருப்புக்கோட்டு:
தீர்ப்பு சரிதான். ஆனால் மனு தயார் செய்து, கோர்ட்டில் காத்திருந்து வாதாடியவருக்கும் குடும்பம் இருக்கிறது. இலவசம் என்றதும் அவரைத் திருடன் மாதிரி பேச வேண்டாம்.

கோபிக்காரன்:
யாரும் திருடன் என்று சொல்லவில்லை. உள்ளே கிடக்கிற பையனின் காகிதத்தை அடகு மாதிரி வைத்திருப்பது தப்பு என்கிறேன்.

பட்டிவீரன்:
இலவச வக்கீல் பேருக்குத்தான் வருவார். வாய்தா வாங்கிக்கொண்டே போவார். காசு கொடுத்தால்தான் கேஸ் நிற்கும்.

கருப்புக்கோட்டு:
லீகல் எய்ட் பேனலில் (இலவச வக்கீல் பட்டியலில்) இருக்கும் சிலரைப் பற்றி அந்தக் குறை உண்டு, மறுக்கவில்லை. அதற்காகத்தான் 2022-ல் புதுத் திட்டம் வந்தது. லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில் என்று முழுநேரமாகக் கிரிமினல் வழக்கு மட்டும் பார்ப்பவர்களை வைக்கிறார்கள், அவர்கள் தனியாக கேஸ் எடுக்கக் கூடாது. மாதச் சம்பளம். நான் பார்த்தவரை நன்றாகவே வாதாடுகிறார்கள்.

பட்டிவீரன்:
நீங்கள் கோர்ட்டுக்குள் இருப்பவர். வெளியில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

வைகைக்கரை:
இதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மல்லி, ரிமாண்ட் தேதியைக் குறித்து வையுங்கள். இந்தப் பிரிவில் காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை தண்டனை இருக்கிறது, அதனால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடாவிட்டால் பெயில் கேட்பது அவன் உரிமை. நாள் தாண்டியதும் அன்றே மனு போட வேண்டும், குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

மல்லிப்பூ:
லீகல் எய்டில் வக்கீல் போட்டாச்சு. பழையவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். செஷன்ஸில் பெயில் கிடைத்தது. ஆனால் ரெண்டு ஜாமீன்தாரர் வேண்டுமாம், யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

கருப்புக்கோட்டு:
நல்ல சேதி. ஆள் கிடைக்காவிட்டால் அதே செயலாளரிடம் மறுபடி போங்கள். பெயில் கிடைத்தும் ஏழு நாளுக்குள் வெளியே வராதவர்கள் விவரத்தை ஜெயிலில் இருந்து அவருக்கு அனுப்ப வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லியும் மனு போடலாம். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது, 2023-ல் வந்தபோது விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை. பெயில் ஆர்டரில் எவ்வளவு தொகை போட்டிருக்கிறார்கள்?