லோகோவிலேயே நிற்கும் கேலக்ஸி எஸ்7: எம்1 மேக்கிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்ற முடியுமா?

நிலாமுற்றம்:
அப்பாவின் கேலக்ஸி எஸ்7 இது. அப்டேட் ஏறிக்கொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. அதன்பிறகு லோகோ வரை வருகிறது, அணைகிறது, மறுபடியும் லோகோ. ரெகவரியில் (போன் திறக்காதபோது பழுதுபார்க்க வரும் திரை) கேச்சை அழித்துப் பார்த்தும் பயனில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்ய மனம் வரவில்லை. உள்ளே இருக்கும் படங்களுக்கு வேறெங்கும் நகல் கிடையாது.

என்னிடம் இருப்பது எம்1 மேக். சாம்சங் போன்களில் ஃபர்ம்வேரை, அதாவது போனின் அடிப்படை மென்பொருளை, ஏற்றும் ஓடின் நிரல் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டேன். ஓடின் திறக்கிறது, ஆனால் போன் அதில் தெரியவே இல்லை. கேபிளையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

கம்பிவடம்:
ரீசெட் செய்யாமல் விட்டீர்களே, அதுதான் பெரிய விஷயம். வால்யூம் குறை, ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எச்சரிக்கை வந்ததும் வால்யூம் கூட்டு அழுத்துங்கள். ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் டவுன்லோட் மோடு வருகிறதா?

நிலாமுற்றம்:
வருகிறது.

கம்பிவடம்:
அப்படியென்றால் போன் சாகவில்லை, பயப்படாதீர்கள். கோளாறு கேபிளிலும் இல்லை. எம்1 என்பது இன்டெல் அல்ல, ஏஆர்எம் வகைச் சிப்; அதில் ஓடுவது ஏஆர்எம் விண்டோஸ். இன்டெல்லுக்கான சாதாரண நிரல்களை அது எமுலேஷனில் (இன்டெல் போலப் பாவனை செய்து) ஓட்டிவிடும், அதனால்தான் ஓடின் திறக்கிறது. யூஎஸ்பி டிரைவர் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் உட்காருவது; இன்டெல்லுக்காக எழுதிய டிரைவர் அங்கே ஏறாது. அந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஹெய்ம்டால் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. ஓடின் பேசும் அதே மொழியில் போனோடு பேசும், லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். ஆனால் மேக்கில் கணினியின் சொந்த டிரைவரே போனைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்வதுண்டு. பழைய இன்டெல் லேப்டாப் ஏதாவது கிடைக்குமா? பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓடினால் போதும், எதையும் நிறுவ வேண்டாம்.

நிலாமுற்றம்:
ஹார்ட் டிஸ்க் போன லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதில் பூட் செய்துவிட்டேன். ஹெய்ம்டாலின் டிடெக்ட் கட்டளைக்குப் போன் பதில் சொல்கிறது! ஆனால் பிரிண்ட்-பிட் கொடுத்து பிட் பட்டியலை (போன் சேமிப்பகத்தின் பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள், அடங்கியது) எடுத்த பிறகு, அடுத்த கட்டளை ஹேண்ட்ஷேக் தோல்வி என்று நிற்கிறது.

சாளரம்:
அது எல்லோருக்கும் வருவதுதான். ஒரு கட்டளை முடிந்ததும் அந்த இணைப்பு முடிந்துவிடும். போனை மறுபடி டவுன்லோட் மோடுக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். கட்டளைக்கு முன் சூடோ போட்டு, நிர்வாகி அனுமதியோடு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அனுமதிப் பிழை வரும்.

ஃபர்ம்வேர் இறக்கும் முன் பில்டு எண்ணைப் பாருங்கள், ரெகவரி திரையின் மேலேயே இருக்கும். கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடரின் (போனை முதலில் துவக்கிவைக்கும் நிரல்) பதிப்பு. அதைவிடக் குறைந்த எண் உள்ளதைப் போன் ஏற்காது. மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கம்பிவடம்:
ஃபர்ம்வேரில் முக்கியமானது ஏபி கோப்பு; அதன் பெயர் எம்டி5 என்று முடிந்தாலும் அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்புதான், அப்படியே விரிக்கலாம். உள்ளே எல்இசட்4 என்ற சுருக்கிய கோப்புகள் இருந்தால் அவற்றையும் விரித்துக்கொள்ளுங்கள். பூட், ரெகவரி, சிஸ்டம் மூன்றையும் பிட் பட்டியலில் இருக்கும் அதே பெயரில் ஒரே கட்டளையில் ஏற்றுங்கள். யூசர்டேட்டா என்று ஏதாவது இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், படங்கள் இருப்பது அங்கேதான். பிரிவுகளையே மாற்றி அமைக்கும் ரீபார்ட்டிஷன் விருப்பமும் வேண்டாம். பூட்லோடரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது பாதியில் நின்றால் டவுன்லோட் மோடே வராமல் போகலாம். அப்புறம், போனில் நன்றாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

நிலாமுற்றம்:
ஏறிவிட்டது! சிஸ்டம் ஏறும்போது போன் திரையில் நீலப் பட்டை நகரவே இல்லை என்று தோன்றியது, கேபிளைத் தொடாமல் காத்திருந்தேன். முதல் முறை திறக்க வெகுநேரம் ஆனது. படங்கள் அத்தனையும் இருக்கின்றன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

கம்பிவடம்:
மிக்க மகிழ்ச்சி நண்பரே. முதலில் படங்களை நகலெடுங்கள், அதுவரை வேறெந்த அப்டேட்டும் வேண்டாம். அந்தப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.